சேற்றின் வலியா, அலகின் வலியா

பெனில்டா சினிஸ்தெர்ரா அக்கா மட்டி பொறுக்கப் போனால் வாய் ஓயாது. வள்ளத்தில் ஏறும்போதே யாரையாவது வம்புக்கு இழுத்துவிடுவாள். கண்டல் வேர்களுக்கு நடுவே முழங்கால் சேற்றில் குனிந்து, முழங்கைவரை கையை உள்ளே விட்டுத் துழாவும்போதும் பேச்சுதான். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள், நீர் வற்றும்போது போய், ஏறும்போது திரும்புகிறவர்கள். வேர்கள் பின்னிக் கிடக்கிற இடத்தில் ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. அக்காவின் குரல் வரும் பக்கத்தை வைத்துத்தான் வள்ளம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்போம். இந்த வருஷம் மே மாதத்தில் அந்தக் குரல் நின்றுபோயிற்று.

ஏன் நின்றது என்று அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்ல இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது அக்காவுக்குக் கொசுக் காய்ச்சல் வந்து, எங்கள் கடற்கரை ஊரான தூமாக்கோவின் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் ரத்தத்தில் புரதம் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருக்கிறது, மலைமேல் இருக்கிற பாஸ்தோ நகரத்துக்குப் போய் ரத்த டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவள் புருஷன் எலியேசர் அண்ணன் கடலுக்குப் போனால் எட்டு நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். அதனால் துணைக்கு நான் போனேன். என் பெயர் ஓதிலியா. அக்காவின் மூத்த மகனை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவள் நான். எங்கள் பக்கம் அந்த உறவு கூடப் பிறந்ததைவிடப் பெரிது.

டாக்டரம்மா சின்ன வயசு. மலைக்காரர்களுக்கே உள்ள மெதுவான பேச்சு.

"அம்மா, இது புற்றுநோய் இல்ல. புற்றுநோய்க்கு முன்னாடி வரக்கூடிய ஒண்ணு. உங்க ரத்தத்துல ஒரு பிக்கோ இருக்கு. சின்னதுதான். ஆறு மாசத்துக்கு ஒருதடவை ரத்தம் பார்ப்போம், அவ்வளவுதான்."

"மருந்து?"

"இப்போதைக்கு மருந்து வேண்டாம். ஆனா எலும்பு வலி வந்தா, முதுகோ விலாவோ, ஆறு மாசம் ஆகட்டும்னு இருக்காதீங்க. உடனே வந்திருங்க."

"இது முத்திப் போகுமா?"

"இது இருக்கிற நூறு பேர்ல, ஒரு வருஷத்துல ஒருத்தருக்குத்தான் முத்தும். மத்தவங்க அப்படியே இருப்பாங்க."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அந்தப் பேச்சில் இரண்டு விஷயம் மட்டும் அக்காவின் மனசுக்குள் போய்த் தைத்துக்கொண்டது.

ஒன்று, பிக்கோ. எங்கள் பேச்சில் மலையுச்சிக்கும் அதுதான் சொல், பறவையின் அலகுக்கும் அதுதான் சொல். நாங்கள் மலை இல்லாத கடற்கரையில் பிறந்தவர்கள். காலையில் கதவைத் திறந்தால் கொக்கும் நாரையும் சேற்றைக் கொத்திக்கொண்டு நிற்கும். எங்களுக்கு அலகுதான் முதலில் வரும். நான் நாலாம் வகுப்புவரை படித்தவள். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

பஸ்ஸில் வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியா ஓதிலியா? ரத்தத்துக்குள்ள அலகாம்."

"கேட்டேன் அக்கா."

"எலும்பு வலிச்சா உடனே வரச் சொன்னாங்களே. அப்ப அது எலும்பைத்தான் கொத்தும்."

"அப்படித்தான் இருக்கும் போல."

திரும்பிப் போய் இன்னொருதடவை கேட்டுக்கொள்வோம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

இன்னொன்று, நூற்றில் ஒன்று. மட்டி பொறுக்குகிறவளிடம் அந்தக் கணக்கைச் சொல்லியிருக்கக் கூடாது. நூறு மட்டியை எண்ணிப் பானையில் போட்டால் ஒன்று கட்டாயம் செத்த மட்டியாக இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. நல்லது போலவே வாயை மூடிக்கொண்டு கனமாக இருக்கும். உள்ளே முழுக்கச் சேறு. கொதி வந்ததும் வாயைத் திறந்து, தேங்காய்ப்பால் குழம்பு மொத்தத்தையும் பாழாக்கிவிடும். டாக்டருக்கு நூற்றில் ஒன்று என்றால் ஏறக்குறைய யாருமில்லை. எங்களுக்கு அது நிச்சயமாக ஒருத்தி.

"அந்த ஒண்ணு இல்லாத பானையை நீ பாத்திருக்கியாடி?" என்றாள் அக்கா.

நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அக்கா காலையில் எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, இளநீர் பதம் பார்ப்பதுபோல விலாவை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். எலியேசர் அண்ணனிடம் ரத்தம் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதாம் என்று மட்டும் சொல்லி வைத்தாள். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. நோயின் பேரை வாய்விட்டுச் சொன்னால் அதற்கு வீட்டு வழி தெரிந்துவிடும் என்று எங்கள் பெண்களுக்கு ஒரு பயம் உண்டு. அக்காவுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

ஆறு மாதத்துக்கு ஒருதடவை பாஸ்தோ. மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் ரத்தத்தில் அந்தப் புரதத்தின் கணக்கு ஒன்று புள்ளி ஒன்று. போவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே அவளுக்குச் சோறு இறங்காது. நான் வறுத்த வாழைக்காயைக் கையில் திணித்தால், அதைப் பிய்த்துப் பிய்த்துக் கோழிக்குப் போடுவாள். டாக்டர் "அப்படியேதான் இருக்கு" என்று சொன்ன அன்று மட்டும் திரும்பும் வழியில் கோழிக்கறியும் உருளைக்கிழங்குமாக இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவாள்.

வள்ளத்தில் கேலி நடக்கும். எங்களில் மூத்தவள் கிரெசென்சியா அக்கா.

"இவ என்னத்துக்கு வருஷத்துக்கு ரெண்டுதடவை மலைக்குப் போறா? அங்க உருளைக்கிழங்கு விக்கிறவன் எவனையாவது பிடிச்சு வச்சிருக்காளோ?"

"உனக்கும் ஒருத்தனைப் பாத்து வச்சிருக்கேன்டி" என்பாள் பெனில்டா அக்கா. "ஒரு பல்லு கிடையாது. அப்பத்தான் உன் சமையலைக் கடிக்காம முழுங்குவான்."

எல்லாரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். ஒரு கை விலாமேல் இருக்கும்.

மே மாதத்தில் ஒருநாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சின்ன வள்ளத்தில் போனோம். கொசுவுக்காகத் தேங்காய் நாரைக் கொளுத்தித் தகர டப்பாவில் புகை போட்டிருந்தேன். அக்கா துடுப்பை வைத்துவிட்டாள்.

"ஓதிலியா, வலிக்குது."

"எங்க?"

"முதுகு. இடுப்புக்கு மேல. வலது விலாவுலயும்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

டாக்டரம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் சொன்னேன், "அக்கா, எனக்கும்தான் முதுகு வலிக்குது. கிரெசென்சியா நிமிர்ந்து நின்னு நீ பாத்திருக்கியா? அஞ்சு மணி நேரம் குனிஞ்சு கிடக்கிறோம், வலிக்காம?"

"அதாண்டி நானும் கேக்கிறேன். எது சேத்து வலி, எது அலகு வலி? ரெண்டும் ஒரே இடத்துல வந்தா எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது? டாக்டரு எலும்பு வலிச்சா வான்னு சொல்லிட்டாங்க. அவங்க சேத்துல நின்னதில்ல."

"உடனே வாங்கன்னாங்க. போவோம்."

"வேண்டாம். போனா சொல்லிருவாங்க."

அந்த ஒரு வார்த்தையில் அவள் பயம் முழுவதும் தெரிந்துவிட்டது. போகாமல் இருக்கும்வரை அது இல்லை. போய்விட்டால் இருக்கும்.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். கடல் நன்றாக உள்வாங்கும் ஒரு பெரிய வற்றத்திலிருந்து அடுத்த பெரிய வற்றம்வரை, பதினைந்து நாள், அவள் சேற்றில் இறங்கமாட்டாள். குனியமாட்டாள், சுமக்கமாட்டாள். சேற்று வலி என்றால் அதற்குள் போய்விடும். போகாமல் நின்றால் அது அலகு. அப்போது பாஸ்தோவுக்குப் போவாள்.

"மாதா மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பதினைந்து நாளும் நான் காலையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, மாதாவே, அது சேற்று வலியாக இருக்கட்டும் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் போனேன். அக்கா வாசலில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இடுப்பு விட்டுருச்சுடி!" என்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு. "பாரு, குனியறேன் பாரு."

"விலா?"

"அதுவும் போயிரும்."

எட்டாம் நாளும் விலா வலி போகவில்லை. பத்தாம் நாள் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வெல்லத் தண்ணீர் புரையேறி இருமினாள். இருமியவள் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள், சத்தமே வரவில்லை. எலியேசர் அண்ணன் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"என்ன பெனில்டா?"

"ஒண்ணுமில்ல. காத்துப் பிடிச்சிருக்கு. நீ உன் முடிச்சைப் பாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

பதினைந்தாம் நாள் பெரிய வற்றம். அக்கா ரப்பர் பூட்ஸும் கையுறையுமாகக் கரையில் வந்து நின்றாள். கிரெசென்சியா அக்கா கையைத் தட்டினாள்.

"ராணியம்மா எழுந்தருளிட்டாங்க! பதினஞ்சு நாள் என்ன, பிள்ளைப் பேறா?"

"இரட்டைப் பிள்ளை. ரெண்டும் உன்னை மாதிரி இருந்துச்சு, ஆத்துல விட்டுட்டேன்" என்றாள் அக்கா. பிறகு என் காதில், "போயிருச்சுடி. சுத்தமாப் போயிருச்சு."

எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. சேற்றில் இறங்கினோம். அவள் பக்கத்திலேயே நானும் துழாவினேன். அரை மணி நேரம் போயிருக்கும், அவள் பேசவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். இடது கையால் துழாவிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவள் வலது கையால் பொறுக்கித்தான் நான் பார்த்திருக்கிறேன். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது, சிறகு ஒடிந்தது போல.

"அக்கா, கையை மாத்திட்டியே."

அவள் குனிந்து துழாவிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா."

"சும்மா இரு."

"பொய்தானே சொன்ன?"

"சும்மா இருடின்னேன்!"

நீர் ஏற ஆரம்பித்தது. தூரத்தில் மற்றவர்கள் வள்ளத்துக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. வேரைப் பிடித்து எழும்ப வேண்டும். சேறு காலை இழுக்கும், கையில் பலம் கொடுத்தால்தான் எழும்ப முடியும். அக்கா இடது கையால் வேரைப் பிடித்தாள், வழுக்கியது. வலது கையை நீட்டினாள். நீட்டியதும் முகம் சாம்பலாகிவிட்டது. கையை விட்டுவிட்டாள். தொடைவரை சேற்றில் நின்றுகொண்டு, குழந்தை மாதிரி அழுதாள்.

"நான்தான்டி அந்த ஒண்ணு. எனக்குத் தெரியும். நூத்துல அந்த ஒண்ணு நான்தான்."

இரண்டு கையையும் அவள் இடுப்பில் கொடுத்து இழுத்தேன். ஒரு பூட்ஸ் சேற்றிலேயே போய்விட்டது. வேர்மேல் அவளை உட்கார வைத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அக்கா, பதினஞ்சு நாளா மாதாகிட்ட கேட்டுட்டேன். அவங்க எனக்கு ஒண்ணும் சொல்லல. ரத்தம் எடுத்தாத்தான் தெரியும். நான் கூட வர்றேன்."

தண்ணீர் கணுக்காலுக்கு வந்த பிறகு, "எலியேசர்கிட்ட நீ சொல்லு. என்னால முடியாது" என்றாள்.

சொன்னேன். பஸ் ஏறும்போது அண்ணன் தன் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பாஸ்தோவில் ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் பிடித்தார்கள், பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து எலும்பையெல்லாம் படம் எடுத்தார்கள். நாலு நாள் காத்திருந்தோம். கன்னியர் மடத்தில் இடம் கொடுத்தார்கள். அந்த நாலு நாளும் அக்கா தான் போன பிறகு தன் சாமானில் எனக்கு எது கொடுக்க வேண்டும், மகனுக்கு எது, புருஷனுக்கு யார் சமைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சை மாற்ற நான் செபம் சொன்னால், கூடவே சொல்லிவிட்டு, ஆமென் ஆனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவாள். கோழிகூட யாருக்கு என்று முடிவாகிவிட்டது.

டாக்டரம்மா கூப்பிட்டார். அக்கா உட்காரவில்லை.

"ஒளிக்காம சொல்லுங்க டாக்டர். அலகு எத்தனை இடத்துல கொத்தியிருக்கு?"

"எது?"

"பிக்கோ."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான் விரல்களைக் குவித்து, மேசையில் கொத்திக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை.

"ரெண்டு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

ரத்தச் சோதனைக் காகிதம் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு பெரிய மேடாக ஏறி இறங்கி, தாழ்ந்து போய், கடைசியில் சின்ன முள் மாதிரி ஒரு தடவை எழும்பியிருந்தது. "இந்தச் சின்ன மேட்டுக்குத்தான் அந்தப் பேரு. மலையுச்சி மாதிரி. அதோ பாருங்க" என்று ஜன்னலைக் காட்டினார். நகரத்துக்கு மேலே மேகத்துக்குள் பெரிய மலை.

அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அது எரிமலைதானே?"

"ஆமா."

"அது வெடிக்கும்ல?"

டாக்டரம்மா தடுமாறிப் போனார். "எப்பவாவது. அதான் கருவி வச்சு எப்பவும் பாத்துக்கிட்டே இருக்காங்க. எங்க அம்மா வீடு அதோட அடிவாரத்துலதான். அங்கதான் கோழி வளர்க்கிறாங்க."

"பயம் இல்லையா?"

"உறுமினா இருக்கும்" என்றார். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு அக்காவை உட்கார வைத்தார். "கேளுங்க அம்மா. உங்க எலும்புல ஒரு ஓட்டை கூட இல்ல. விலாவுக்கு நடுவுல தசை கிழிஞ்சிருக்கு. ஒரே கையால வருஷக்கணக்கா இழுத்து இழுத்து வந்தது. ஆறிடும், நாளாகும்."

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அக்கா போடவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்தாள். இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ரத்தக் கணக்கு ஒண்ணு புள்ளி நாலு. கொஞ்சம் ஏறியிருக்கு. ஒருதடவை ஏறினதை வச்சு ஒண்ணும் சொல்லமுடியாது, இறங்கவும் செய்யும். ஆனா ஆறு மாசம் விடமாட்டேன். மூணு மாசத்துல வாங்க."

"இப்ப நூத்துல எத்தனை?"

"அதை மூணு மாசம் கழிச்சுக் கேளுங்க."

அக்கா பதினைந்து நாள் சோதனையைச் சொன்னாள். சேற்று வலி என்றால் போயிருக்க வேண்டும், போகவில்லை, அதனால் இது அலகு வலிதான் என்று முடிவு செய்ததாக. டாக்டரம்மா தலையை ஆட்டினார்.

"இதுவும் சேத்து வலிதான் அம்மா. பதினஞ்சு நாள்ல போகலையே."

"அப்ப அடுத்ததடவை வலிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது. தொட்டுப் பார்த்தா எனக்கும் தெரியாது. அதனாலதான் வரச் சொல்றேன்."

திரும்பி வரும்போது அக்கா கோழிக்கறி கேட்கவில்லை. பஸ் மலையிறங்கி வெயிலுக்கு வந்த பிறகும் அண்ணனின் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. "இத்தனை நாளும் நானே கண்டுபிடிச்சிருவேன்னு நினைச்சேன்டி" என்று ஒருமுறை சொன்னாள். அவ்வளவுதான்.

எங்கள் கோயிலுக்குப் பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் நான் வேதத்தை வாசித்து, மன்றாட்டுகளையும் நானே எடுத்துக் கொடுப்பேன். ஊர் வந்த அந்த ஞாயிறு காலையில் அக்காவுக்காக ஒரு மன்றாட்டு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. நோயாளிகளுக்காக என்று எழுதினால் அவள் நோயாளி இல்லை. சுகத்துக்கு நன்றி என்று எழுதினால் சுகமும் இல்லை. இன்னும் வராத ஒன்றுக்கு எந்த வார்த்தை போடுவது? ஒன்றும் எழுதாமலே போனேன். கடலில் இருப்பவர்களுக்காகவும் இறந்தவர்களுக்காகவும் மன்றாடி முடித்தேன். முடிக்கும்போது மூன்றாவது வரிசையில் அக்கா எழுந்து நின்றாள்.

"என் ரத்தத்துல ஒண்ணு இருக்கு" என்றாள். "இன்னும் நோய் ஆகல. ஆகலாம், ஆகாமலும் போகலாம். இப்ப கொஞ்சம் ஏறியிருக்கு. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அது அப்படியே இருக்கணும்னு எனக்காக மன்றாடுங்க."

எலியேசர் அண்ணன் தொப்பியைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியது எல்லாரும், ஆனால் ஒருவரும் தொடங்கவில்லை. பிறகு பின்னாலிருந்து கிரெசென்சியா அக்காவின் கட்டைக் குரல் தனியாக வந்தது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் கிரெசென்சியா அவளை மடக்கினாள்.

"ரெண்டு வருஷமா உருளைக்கிழங்குக்காரன் கதையைச் சொல்லிக் கேலி பண்ணிக்கிட்டு இருந்தேனே, அப்பவே என் வாயில ஒரு அடி போட்டிருக்கக்கூடாதா?"

"உன் வாயில அடிச்சா என் கை ஒடிஞ்சிரும்."

"இனிமே வலிச்சா என்கிட்ட சொல்லு. நீயா ஆராய்ச்சி பண்ணாத. இங்க வலி இல்லாதவ யாருடி இருக்கா, ஆனா உன் வலியை மட்டும் மலைக்குக் கொண்டுபோயிருவோம். கேட்டுதா?"

"கேட்டுது."

இப்போது ஜூலை. கார்மேல் மாதா திருநாள் முடிந்துவிட்டது. அடுத்து ரத்தம் எடுப்பது செப்டம்பர் ஒன்பதாம் தேதி. விலா கொஞ்சம் ஆறியிருக்கிறது. ஆனால் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து இடது தோளில் வலிக்கிறது என்கிறாள். கையை மாற்றியதால் வந்ததாக இருக்கலாம். யாருக்கும் தெரியாது. டாக்டருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். முன்னதாக வரச் சொல்லிப் பதில் வந்தால் அக்கா, நான், கிரெசென்சியா அக்கா, மூன்று பேரும் போவோம். அந்த மன்றாட்டை இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவளே எழுந்து நின்று சொல்கிறாள், அதே வார்த்தைகளில். பயமாக இருக்கிறது என்ற வார்த்தையையும் அதிலிருந்து இன்னும் நீக்கவில்லை.